வயர் பழுதா, முகவரி பழுதா?

நாயாற்றில் எங்கள் மாதர் சங்கக் கட்டடத்தில் ஒரு மடிக்கணனி இருக்கிறது. 2019 ஆம் ஆண்டு, கிளிநொச்சியில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம் தன் அலுவலகத்தை மூடியபோது எங்களுக்குத் தந்துவிட்டுப் போனது. பழையதுதான். ஆனால் எங்களுக்கு அது பெரிய சொத்து. சங்கத்தின் சேமிப்புக் கணக்கும், யார் யார் வலைக்கும் கருவாட்டுத் தொழிலுக்கும் கடன் எடுத்தார்கள் என்ற விபரமும் அதற்குள் இருக்கின்றன. அதைவிட முக்கியமானது, அங்கத்தவர்களின் பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களின் படங்கள். ஓட்டத்திலே பத்திரங்களைத் தொலைத்துவிட்டு, ஒரு பிரதிக்காகக் கச்சேரி வாசலில் நாட்கணக்காகக் காத்து நின்றவர்கள் நாங்கள். அதனால் திரும்பக் கிடைத்த ஒவ்வொரு பத்திரத்தையும் படமாக எடுத்து அதிலே போட்டு வைத்திருக்கிறோம்.

2023 செப்டெம்பர் மாதம் இந்தக் கணனி மேசையிலிருந்து விழுந்துவிட்டது. திரையின் ஒரு பக்கப் பிணைச்சல் உடைந்தது. கணனி வேலை செய்தது, ஆனால் வைபை எடுக்கவில்லை. வைபைக்கான மெல்லிய வயர் திரையின் ஓரமாகத்தான் ஓடுகிறது என்றும், பிணைச்சல் உடையும்போது அதுவும் அறுந்திருக்கலாம் என்றும் பின்னர் அறிந்தேன். அதுவரை பக்கத்து முன்பள்ளிக் கட்டடத்தில் இருக்கும் றூட்டரிலிருந்து வைபை மூலமே இணையம் எடுத்து வந்தோம். சிம் போட்ட 4ஜி றூட்டர் அது. அந்தக் கட்டடத்தின் ஜன்னலடியில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும்.

வைபை போனால் என்ன, வயர் இருக்கிறதே என்று நினைத்தோம். முன்பு சங்கத்தில் ஒரு பெரிய கணனி இருந்த காலத்தில், முன்பள்ளியிலிருந்து எங்கள் கட்டடத்துக்கு முகட்டோடு ஒரு வயர் இழுத்திருந்தார்கள். அந்தப் பெரிய கணனி பழுதாகிய பிறகு, வயரின் நுனி சும்மா சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மடிக்கணனியில் செருகினோம். ஒன்றும் நடக்கவில்லை. இணைப்பு இல்லை என்று சிவப்புப் புள்ளடி காட்டியது.

சங்கச் செயலாளர் கணனியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் பட்டணத்துக் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனா. அங்கே தங்கள் வயரைச் செருகிப் பார்த்துவிட்டு, நெற் வரவில்லை, வயர் செருகும் வாயே எரிந்துவிட்டது, உள்பலகை மாற்ற வேண்டும், 38,000 ரூபா வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். "இதுக்குச் செலவழிக்கிறதைவிட வேறை ஒண்டு வாங்குங்கோ, உங்களுக்கு இதொண்டும் விளங்காது" என்றும் சொல்லிவிட்டார்களாம். செயலாளர் அதைச் சொல்லும்போது அவவின் முகத்தைப் பார்க்கவே கவலையாக இருந்தது.

அப்போது சங்கத்தின் கையிருப்பு 41,000 ரூபா. அது இரண்டு அங்கத்தவர்களுக்கு வலைக் கடனாகக் கொடுக்க வைத்திருந்த காசு. அதை எடுத்துக் கணனிக்குக் கொடுத்தால் அந்த இரண்டு வீடுகளும் வாடைக்காற்றுக் காலத்தை எப்படித் தள்ளும்? கொடுக்காவிட்டால் எங்கள் கணக்கும் பத்திரங்களும் வெளியே அனுப்ப வழியில்லாமல் கிடக்கும். கூட்டத்திலே ஒரு முடிவும் எட்டவில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் அங்கத்தவரான ஒரு தங்கச்சி, தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தா. கணவரை 2009 இல் முள்ளிவாய்க்காலில் இழந்தவ. விடியப்புறம் கரைக்குப் போய் வலையிலிருந்து மீன் கழற்றியும் கருவாடு காயப்போட்டும் பிள்ளையைப் படிப்பித்தவ. பிள்ளை உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தை இணையத்தில்தான் நிரப்ப வேண்டும். எந்தப் பாடநெறி முதலாவது, எது இரண்டாவது என்று விருப்ப வரிசையில் கொடுக்க வேண்டும். அந்த வரிசை பிழைத்தால் பிள்ளையின் பாதையே மாறிவிடும். கீறல் விழுந்த கைத்தொலைபேசியில் முயன்றாளாம், பாதியில் நின்றுவிட்டதாம். முடிவு திகதிக்கு மூன்று நாட்களே இருந்தன.

"பெரியம்மா, சங்கத்துக் கொம்பியூட்டரிலை செய்யலாம் எண்டுதான் வந்தனான்" என்றாள்.

"அது பழுது பிள்ளை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நாளைக்குக் காலமை வா, பாப்பம்" என்றேன்.

அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். 1990 க்குப் பின்னர் வன்னியில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரித்துப் படித்தவர்கள். டைனமோ வேலை செய்யாவிட்டால் முதலில் என்ன பார்ப்போம்? வயர் கழன்றிருக்கிறதா என்றுதானே பார்ப்போம்? எடுத்த எடுப்பில் றேடியோ பழுது என்று யாரும் எறிந்ததில்லை. சுனாமிக்குப் பிறகு, 2005 இல், ஒரு நிவாரண நிறுவனத்தில் தரவு பதியும் வேலை செய்தபோது, அங்கிருந்த பொறுப்பாளர் அக்கா சொன்னதும் அதேதான்: "வெளியிலையிருந்து உள்ளுக்குப் போ. ஒரு நேரத்திலை ஒண்டை மட்டும் மாத்திப் பார்." மறந்திருந்த அந்த வார்த்தை அன்றைக்கு நினைவுக்கு வந்தது.

காலையில் நானும் அந்தப் பிள்ளையும் போய் முதலில் தொங்கிய வயரின் நுனியைப் பார்த்தோம். கண்ணாடி போன்ற அந்தச் சின்னப் பிளக்கிலே ஒரு பிளாஸ்ரிக் நாக்கு இருக்க வேண்டும். செருகும்போது 'டிக்' என்று பிடிப்பது அதுதான். எங்கள் வயரில் அது முறிந்திருந்தது. அதனால் செருகினாலும் தானாகப் பின்னால் வழுகி வந்தது. அதோடு, பிளக்கின் உள்ளே இருக்கும் எட்டுச் சின்னத் தகடுகளிலும் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. செம்பு கலந்த உலோகத்தின்மேல் மிக மெல்லிய தங்கப் பூச்சுப் பூசியதுதான் அந்தத் தகடு. கடற்கரை உப்புக் காற்றில் வருடக்கணக்காகத் தொங்கினால் பூச்சுத் தேய்ந்த இடத்தில் களிம்பு ஏறும். களிம்பு ஏறினால் மின் தொடர்பு அறும். வீட்டிலே ரோர்ச் பற்றறியின் முனையில் பச்சை படிவதைக் கண்டிருப்பீர்கள், அதே சங்கதிதான்.

சரி, வயர் மேல் சந்தேகம். ஆனால் கடையில் வேறு வயர் போட்டும் வரவில்லையே? எனவே வயரை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். றூட்டர் வாங்கிய பெட்டிக்குள் ஒரு குட்டி வயர் வந்திருந்தது நினைவுக்கு வந்தது. முன்பள்ளி ரீச்சரிடம் கேட்டோம். பெட்டியைப் பத்திரமாக அலுமாரியில் வைத்திருந்தா. மடிக்கணனியை முன்பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போய், குட்டி வயரை நேரே றூட்டரில் செருகி, மறு நுனியைக் கணனியில் செருகினேன். 'டிக்' என்று பிடித்தது. செருகும் வாயின் ஓரத்தில் ஒரு சின்னப் பச்சை லைற் எரிந்தது.

"பெரியம்மா, லைற்!" என்று பிள்ளை கத்தினாள்.

அந்த லைற் எரிந்தால் கணனியின் வாயும் றூட்டரின் வாயும் ஒன்றையொன்று உணர்ந்துவிட்டன என்று அர்த்தம். எரிந்துபோன வாயில் லைற் எரியாது. உள்பலகை மாற்ற வேண்டிய தேவையே இல்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அப்போது எனக்குள் வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. கடையிலும் அந்த லைற் எரிந்திருக்கும். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இணையம் இன்னும் வரவில்லை. சிவப்புப் புள்ளடி போய்விட்டது, ஆனால் 'இணைய வசதி இல்லை' என்று காட்டியது. சிம்மில் காசு முடிந்துவிட்டதோ என்று பார்க்க, ரீச்சரின் போனை அதே றூட்டரின் வைபையில் இணைத்தோம். போனில் பக்கங்கள் உடனே திறந்தன. ஆகவே றூட்டரும் சரி, சிம்மும் சரி, வயரும் சரி, வாயும் சரி. மிஞ்சியது கணனியின் உள் அமைப்பு மட்டும்தான். பாருங்கள் சகோதரிகளே, பெரிய அறிவொன்றும் தேவைப்படவில்லை. சரியானவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போனால் பிழை ஒளிக்க இடமில்லாமல் நிற்கும்.

வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கணனிக்கும் ஒரு முகவரி வேண்டும். ஐபி முகவரி என்பார்கள். நான்கு எண்கள், இடையிடையே புள்ளி. வழக்கமாகக் கணனி றூட்டரிடம் "எனக்கு ஒரு முகவரி தா" என்று கேட்கும். றூட்டர் ஒன்றைக் கொடுக்கும். என்ன முகவரி இருக்கிறதென்று பார்க்க, கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து, ஐபிகொன்ஃபிக் என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன். கணனியின் முகவரி 192.168.10.45 என்று காட்டியது. ரீச்சரின் போனில் பார்த்தால் 192.168.8 என்று தொடங்கியது.

இங்கேதான் சங்கதி இருந்தது. எங்களது போன்ற சின்ன வலையமைப்புகளில் முதல் மூன்று எண்களும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒழுங்கைக்குள் இருப்பது போல. எங்கள் கணனி 10 ஆம் ஒழுங்கையில் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டு 8 ஆம் ஒழுங்கையில் நின்றது. ஏன் அப்படி? கிளிநொச்சி அலுவலகத்தில் இருந்த காலத்தில் யாரோ இந்தக் கணனிக்கு ஒரு நிலையான முகவரியைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். வைபைக்கு ஒரு அமைப்பு, வயருக்கு வேறொரு அமைப்பு. நான்கு வருடங்களாக நாங்கள் வைபையை மட்டுமே பாவித்ததால் வயரின் பக்கத்தில் கிடந்த பழைய முகவரி எங்கள் கண்ணில் படவில்லை. அலுவலகம் மூடப்பட்டு, ஆட்கள் போய், அந்தக் கட்டடத்தில் யார் இருக்கிறார்களோ தெரியாது. கணனி மட்டும் அந்த முகவரியை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தபடியே இருந்துவிட்டேன். 1984 இல் இந்தக் கரையோரக் கிராமங்களிலிருந்து எங்களை எழுப்பியபோது நான் சிறு பிள்ளை. அதற்குப் பிறகு எந்தப் படிவத்தை எடுத்தாலும் 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் அம்மா நாயாறு என்றே எழுதுவா. போக முடியாத, கடிதம் போட்டால் வாங்க ஆளில்லாத முகவரி. 'தற்காலிக முகவரி' மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் மெனிக்பாமில் அது ஒரு வலய இலக்கமும் கூடார இலக்கமுமாக வந்து நின்றது. கணனியை நான் எப்படிக் குறை சொல்ல? அதற்குச் சொல்லிக் கொடுத்த முகவரியை அது சொல்கிறது. இடம் மாறியதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

"என்ன பெரியம்மா, பயந்திட்டியளோ?" என்று பிள்ளை கேட்டாள்.

"இல்லையடி, விளங்கிட்டுது" என்றேன்.

வலையமைப்பு அமைப்புக்குள் போய், வயர் இணைப்பான 'ஈதர்நெற்' என்பதைத் திறந்து, அதன் நான்காம் பதிப்பு ஐபி அமைப்பில் 'முகவரியைத் தானாகப் பெறுக' என்ற அர்த்தமுள்ள ஆங்கில வரியைத் தெரிவு செய்தேன். அதற்குக் கீழே டிஎன்எஸ் என்று இன்னொன்று இருக்கும். இணையத்தளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் இடம் அது. அதையும் தானாகப் பெறும்படி மாற்ற வேண்டும். பலர் மேலே உள்ளதை மட்டும் மாற்றிவிட்டுக் கீழே உள்ளதை விட்டுவிடுவார்கள். பிறகு இணைப்பு இருந்தும் பக்கங்கள் திறவாது. முன்னெச்சரிக்கையாக, மாற்றுவதற்கு முன் பழைய எண்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டேன்.

சில விநாடிகளில் 192.168.8 என்று தொடங்கும் புதிய முகவரி வந்தது. பிள்ளை விரலை வைத்து எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பக்கம் திறந்தது.

அன்று முன்பள்ளிக் குழந்தைகளின் குட்டிக் கதிரையில் முழங்காலை மடக்கி இருந்துகொண்டு அந்தப் பிள்ளை தன் விண்ணப்பத்தை நிரப்பினாள். சுற்றிவர மழலைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். விருப்ப வரிசையை மூன்று தரம் வாசித்துப் பார்த்தாள். தாய் கரையிலிருந்து நேரே வந்து, கையில் மீன் வெடில் என்று சொல்லி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றா. "அனுப்பியாச்சுது அம்மா" என்று பிள்ளை சொன்னதும், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டா. காயப்போட்ட கருவாடு பார்க்க ஆளில்லை.

அடுத்த நாள் பழைய நீள வயரைக் கவனித்தோம். கணனியைத் திரும்பவும் சங்கக் கட்டடத்துக்குக் கொண்டுவந்து, நாக்கு முறிந்த பிளக்கைக் கையால் அழுத்திப் பிடித்தேன். லைற் எரிவதும் அணைவதுமாக இருந்தது. இம்முறை முகவரி 169.254 என்று தொடங்கியது. இந்த எண்ணை எங்கே கண்டாலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணனி முகவரி கேட்டது, பதில் கிடைக்கவில்லை, ஆகவே தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு இணையத்துக்குப் போக முடியாது. அமைப்பை நேற்றுத்தான் சரிசெய்தோம், றூட்டரும் சரி. ஆகவே மிஞ்சியது அந்த வயர்தான்.

முல்லைத்தீவில் கமெரா பூட்டும் வேலை செய்யும் ஒரு தம்பியிடம் பிளக் நெரிக்கும் குறடும் நான்கு புதுப் பிளக்குகளும் வாங்கி வந்தோம். பிளக்குக்குச் சில நூறு ரூபாதான் முடிந்தது. குறடு இரவல். நுனியை வெட்டினால் உள்ளே செம்பு கறுத்துப் போயிருந்தது. பளபளப்பான செம்பு தெரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு வெட்டினோம். உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நாலு சோடி. வெளியிலிருந்து வரும் மின் குழப்பத்தைத் தவிர்க்கவே முறுக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் தேவைக்கு மேல் முறுக்கை அவிழ்க்கக் கூடாது.

கம்பிகளின் நிற ஒழுங்கு முக்கியம். பிளக்கின் நாக்குக் கீழே இருக்க, தகடுகள் மேலே தெரிய, வயர் நுழையும் வாய் எங்கள் பக்கம் இருக்கப் பிடித்தால், இடமிருந்து வலமாக: ஒறேஞ்ச் கோடு போட்ட வெள்ளை, ஒறேஞ்ச், பச்சைக் கோடு போட்ட வெள்ளை, நீலம், நீலக் கோடு போட்ட வெள்ளை, பச்சை, மண்ணிறக் கோடு போட்ட வெள்ளை, மண்ணிறம். இரண்டு நுனியிலும் இதே ஒழுங்கு. முதல் தரம் நான் நீலத்தையும் பச்சையையும் மாற்றிவிட்டேன். லைற் எரியவில்லை. ஒரு பிளக் வீண். இரண்டாம் தரம் பிள்ளை நிறங்களைச் சொல்லச் சொல்ல நான் அடுக்கினேன். மூன்றாவது பிளக் மற்ற நுனிக்குப் போனது. செருகினோம், பச்சை லைற் நின்று எரிந்தது. இவ்வகை வயர் 100 மீற்றர் வரை தாங்கும். எங்களுடையது அதற்கு மிகக் குறைவு. இப்போது பிளக்கைச் சுவரில் தொங்க விடுவதில்லை. பாவிக்காத நேரத்தில் சின்னப் பொலித்தீன் பையால் மூடிக் கட்டி வைக்கிறோம். களிம்பு தெரிந்தால் பஞ்சில் ஸ்பிரிற் தொட்டுத் துடைக்கிறோம். அரத்தாளால் உரஞ்சுவதில்லை, தங்கப் பூச்சுப் போய்விடும்.

41,000 ரூபாவில் வலைக் கடன் திட்டமிட்டபடியே இரண்டு வீட்டுக்கும் போனது. இரண்டு பேரும் திருப்பிக் கட்டி முடித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை இப்போது வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வியாபாரக் கற்கைகள் படிக்கிறாள். லீவில் வந்தால் சங்கத்துக் கணக்கை அவள்தான் சரிபார்க்கிறாள்.

சங்கக் கட்டடச் சுவரில் ஒரு மட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறோம். உங்கள் சங்கத்திலும் ஒட்டலாம்:

முதலில் லைற் எரிகிறதா என்று பார்.
எரியாவிட்டால் வேறு வயர், வேறு வாய் போட்டுப் பார்.
லைற் எரிந்தும் நெற் இல்லாவிட்டால், அதே றூட்டரில் போன் வேலை செய்கிறதா என்று பார்.
போனில் வந்தால், கணனியின் முகவரியைப் பார்.
169.254 என்றால் வயரையும் றூட்டரையும் பார்.
வேறு எண் என்றால் பழைய முகவரியை எடுத்துவிட்டுத் தானாகப் பெற விடு.
இவை எல்லாம் பார்த்த பிறகே கடைக்குக் கொண்டுபோ.

"உங்களுக்கு இதொண்டும் விளங்காது" என்று சொல்வார்கள். சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட எங்களுக்கு ஒரு வயரும் எட்டுக் கம்பியும் விளங்காமலா போகும்? குனிந்து அந்தச் சின்ன லைற்றைப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.